பட்டியலைக் கொடுத்தேன்... பாடம் கிடைத்தது!

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் மன்றச் செயலாளர் வகுப்பில் வந்து கேட்டபோது, வழக்கம்போல "நேரத்தின் அருமை" அல்லது "இளைஞர் கையில் எதிர்காலம்" எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வருடம் நான் செய்த ஒரு தப்பு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதை எழுதினால் இரண்டு பேருக்காவது பயன்படுமே என்று தோன்றியது. அதனால் இந்தக் கட்டுரை. தலைப்பில் உள்ள பட்டியல் மளிகைக் கடைப் பட்டியல் அல்ல நண்பர்களே, பைத்தானில் நாம் தினமும் எழுதும் "லிஸ்ட்"தான்!

லைப்ரரி என்பதைத் தமிழில் நூலகம் என்கிறோம். எங்கள் ஊரில் நூலகம் என்றால் நூல் கோன் அடுக்கி வைத்திருக்கும் குடோன் என்றுகூட யாராவது நினைக்கலாம். அப்படி நினைத்தாலும் பெரிய தப்பில்லை. ஒருவர் நூற்று வைத்த நூலை இன்னொருவர் எடுத்து நெய்கிறார் அல்லவா? அதேபோல ஒருவர் எழுதி வைத்த நிரலை இன்னொருவர் எடுத்துத் தன் நிரலில் பயன்படுத்துவதுதான் சாஃப்ட்வேர் லைப்ரரி. நூல் நைந்திருந்தால் நெய்பவன் என்ன செய்தாலும் துணி நிற்காது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அம்மாவின் சம்பளம் குறைந்தபோது தெரிந்துகொண்டேன்.

நடந்த கதை

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறி குடோனில் அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா அங்கேயே தார் சுற்றுகிறார். தறி ஓட்டுபவர்களுக்கு மீட்டர் கணக்கு. அதை முதலாளி தன் நோட்டில் தானே எழுதிக்கொள்வார். தார் சுற்றுபவர்கள், துணி மடிப்பவர்கள், எடுபிடி ஆட்கள் எல்லோருக்கும் ஷிப்ட் கணக்கு. அப்படி மொத்தம் 14 பேர். வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம்.

"தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறானாமா, இந்த ஷிப்ட் கணக்கைப் போட்டுக் குடுக்கச் சொல்லு" என்று முதலாளி அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அன்றைக்கு நடையே மாறிவிட்டது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். சொன்ன வேலையைச் செய்யாமல் இருக்க முடியுமா?

நானும் என் வகுப்பு நண்பன் ஒருவனும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். கணக்குப் போடும் லைப்ரரி என்னுடையது. அதை வைத்து ஆளுக்கொரு சம்பளச் சீட்டு அடிக்கும் நிரல் அவனுடையது. நான் என் லைப்ரரிக்குள் இரண்டு லிஸ்ட் வைத்திருந்தேன். ஒன்றில் 14 பெயர்கள். இன்னொன்றில் அதே வரிசையில் 14 ஷிப்ட் எண்ணிக்கைகள். ஐந்தாவது பெயருக்கு உரிய ஷிப்ட் ஐந்தாவது இடத்தில் இருக்கும். பெயர்கள் வேண்டுமா? ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, கூப்பிட்டால் பெயர் லிஸ்ட்டைக் கொடுத்துவிடும். எவ்வளவு சுலபம் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்!

முதல் வாரம் எல்லாம் சரியாக வந்தது. இரண்டாவது வாரம் முதலாளி, "பேரெல்லாம் அகர வரிசைல இருந்தாத் தேடறதுக்கு லேசா இருக்குமுங்க தம்பி" என்றார். நியாயமான ஆசைதான். நண்பன் என் லைப்ரரியிலிருந்து பெயர் லிஸ்ட்டை வாங்கி, அதன் மேல் ஒரே ஒரு வரி எழுதினான். சார்ட் செய்! அவ்வளவுதான். சீட்டுகள் அழகாக அடித்து வந்தன.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி அம்மா சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "கண்ணு, இதுல எத்தன ஷிப்ட்டு போட்டிருக்குது?"

"மூணும்மா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. சமையல்கட்டுச் சுவரைக் காட்டினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு ஷிப்ட் முடித்து வந்தால் சுவரில் கரியால் ஒரு கோடு. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அதன் கீழே குறுக்காக ஒரு கோடு இழுத்து, அடுத்த வாரத்தை ஆரம்பிப்பார். சுவரில் ஆறு கோடுகள் இருந்தன. ஷிப்டுக்கு 400 ரூபாய் வீதம் மூன்று ஷிப்டுக்கு 1,200 ரூபாய் போய்விட்டது.

அதே வாரம் மூன்று ஷிப்ட் மட்டும் வந்த ஒரு அக்காவுக்கு ஆறு ஷிப்ட் சம்பளம் போயிருந்தது. இன்னும் இரண்டு பேருக்கும் கூடக்குறைய மாறியிருந்தது. மற்ற பத்துப் பேரும் ஆறு ஆறு ஷிப்ட் வந்தவர்கள் என்பதால், இடம் மாறியும் தொகை மாறவில்லை. இதில் விசேஷம் என்னவென்றால், மொத்தத் தொகை ஒரு ரூபாய் பிசகாமல் சரியாக இருந்தது! முதலாளி மொத்தத்தைத்தான் கூட்டிப் பார்த்தார். பணமும் சீட்டும் ஒத்துப்போயின. பிறகு எப்படிச் சந்தேகம் வரும்?

அந்த அக்கா அதற்குள் மளிகைக் கடைப் பாக்கியைக் கட்டிவிட்டார். "மிசின் போட்ட கணக்கு எப்பிடித் தப்பாகுமுங்க? உங்க பையன்தான உங்களுக்குச் சேர்த்திப் போடப் பாக்கறான்" என்று அம்மாவைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பத்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றியவர்கள். மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. 1,200 ரூபாயை மெல்ல மெல்லப் பிடித்துச் சரி செய்துவிட்டார்கள். அந்தப் பேச்சு?

குற்றவாளி யார்?

முதலில் எனக்கு நண்பன் மேல்தான் கோபம். "உன்னை யார்ரா சார்ட் பண்ணச் சொன்னது?" என்று சண்டைக்குப் போனேன். அவன் அமைதியாக ஒரு கேள்வி கேட்டான். "பண்ணக் கூடாதுன்னு உன் லைப்ரரி எங்கடா சொல்லுச்சு?"

வாயடைத்துப் போனேன். பைத்தானில் ஒரு லிஸ்ட்டைத் திருப்பிக் கொடுத்தால், அதன் நகல் போவதில்லை. அதே லிஸ்ட்டே போகிறது. வங்கிக்காரர் பாஸ்புக் செராக்ஸ் கேட்டால் செராக்ஸ்தானே கொடுப்போம்? நான் ஒரிஜினலையே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்! அவன் தன் கையில் உள்ள பெயர்களை வரிசைப்படுத்துவதாக நினைத்தான். உண்மையில் என் லைப்ரரியின் வயிற்றுக்குள் இருந்த பெயர்கள் இடம் மாறின. ஷிப்ட் லிஸ்ட் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அம்மாவின் பெயருக்கு நேராக இன்னொருவரின் மூன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"சார்ட்" என்பதற்குப் பதில் "சார்ட்டட்" என்று அவன் எழுதியிருந்தால் புதிய லிஸ்ட் ஒன்று கிடைத்திருக்கும், தப்பு நடந்திருக்காது. ஆனால் பயன்படுத்துபவர் ஜாக்கிரதையாக இருந்தால்தான் வேலை செய்யும் என்றால் அது என்ன லைப்ரரி? வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "உள்ளே போகாதே" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்ட கதைதான் என் கதை. குற்றவாளி நானேதான்.

என்னிடம் இருந்தது இரண்டு தப்புகள். ஒன்று, சேர்ந்தே இருக்க வேண்டிய பெயரையும் ஷிப்டையும் இரண்டு லிஸ்ட்டாகப் பிரித்தது. இரண்டு, மாறக்கூடாத ஒன்றை மாற்றக்கூடிய பாத்திரத்தில் வைத்து வெளியே கொடுத்தது. யோசித்துப் பார்த்தால் அம்மாவின் சுவர் என் லைப்ரரியைவிட மேல். அதில் புதிய கோடு சேர்க்கலாம். பழைய கோட்டை யாரும் இடம் மாற்ற முடியாது!

எந்தப் பாத்திரத்தில் எதை வைப்பது?

மோரை மண்சட்டியில் ஊற்றுகிறோம், புளியைப் பித்தளையில் வைப்பதில்லை. கடுகு சீரகத்துக்கு அஞ்சறைப் பெட்டி, அரிசிக்குக் குதிர். அம்மாக்களுக்கு இது யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் நாம் மட்டும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்துவிட்டு, நிரல் எழுத உட்கார்ந்தால் எல்லாவற்றையும் லிஸ்ட்டிலேயே கொட்டுகிறோம். பரீட்சைக்குப் படித்ததைக் கொஞ்சம் நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம்.

லிஸ்ட் என்பது காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறும் கூட்டம் மாதிரி. வரிசை உண்டு, நடுவில் யாரும் நுழையலாம், யாரும் இறங்கலாம், இடம் மாறலாம். கடைசியில் ஒருவரைச் சேர்ப்பது சுலபம். முதலில் இருப்பவரை எடுத்தால் பின்னால் உள்ள அத்தனை பேரும் ஒரு அடி நகர வேண்டும். ஒருவரைத் தேட வேண்டுமென்றால் முதலிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 10,000 பேர் இருந்து, நாம் தேடும் ஆள் இல்லையென்றால், 10,000 முகத்தையும் பார்த்த பிறகுதான் இல்லை என்று சொல்ல முடியும்.

டூப்பிள் என்பது குரூப் போட்டோ. நின்றவர் நின்ற இடம்தான். யாரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை! டூப்பிளுக்குள் ஒரு லிஸ்ட்டை வைத்தால், டூப்பிள் பூட்டியே இருந்தாலும் உள்ளே உள்ள லிஸ்ட்டை யாரும் மாற்றலாம். வெளிக்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

செட் என்பதில் ஒன்று ஒரு தடவைதான் இருக்கும். "இந்த ஆள் இன்றைக்கு வந்தாரா?" என்று கேட்டால், கூட்டம் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே எட்டில் பதில் வரும். ஆனால் வரிசையை அது காப்பாற்றாது. எங்கள் குடோனில் ஒரே பெயரில் இரண்டு அக்காமார் இருக்கிறார்கள். பெயர்களைச் செட்டில் போட்டிருந்தால் 14 பேர் 13 ஆகி, ஒருவர் காணாமல் போயிருப்பார்!

டிக்ஷனரி என்பது டோக்கன் நம்பர் கொடுத்தால் பையை எடுத்துக் கொடுப்பது. தேடல் வேகம் செட் மாதிரியே. ஆனால் சாவி எது என்பதில்தான் சூட்சுமம். பெயரைச் சாவியாக வைத்தால் மேலே சொன்ன இரண்டு அக்காமாரில் ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கை அழித்துவிடும். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து அதைத்தான் சாவியாக வைக்க வேண்டும்.

முன்னால் ஒருவர் போக, பின்னால் ஒருவர் வர வேண்டிய ரேஷன் கடை வரிசைக்கு லிஸ்ட்டைவிட "டெக்" பொருத்தம். இரண்டு முனையிலும் சேர்ப்பதும் எடுப்பதும் அதற்கு லேசு.

கடைசியாக ஜெனரேட்டர். இது பாத்திரமே இல்லை, குழாய். திறந்தால் ஒவ்வொன்றாக வரும். லட்சம் வரிகள் உள்ள ஃபைலைக்கூட மொத்தமாக மெமரியில் ஏற்றாமல் படிக்கலாம். ஆனால் ஒரு தடவை வந்தது வந்ததுதான். திரும்பத் திறந்தால் காற்றுத்தான் வரும்.

பெரியவர்களும் விழுந்த குழி

என்னைப் போன்ற கற்றுக்குட்டிதான் இந்தக் குழியில் விழுவான் என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, உலகமே பயன்படுத்தும் லைப்ரரிகளும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன!

1996-ல் ஜாவா வந்தபோதே அதில் "ஸ்டாக்" என்று ஒன்று இருந்தது. ஸ்டாக் என்றால் என்ன? இட்லித் தட்டு அடுக்கு மாதிரி. மேலே வைத்து மேலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அதை "வெக்டர்" என்ற பட்டியலின் வாரிசாக எழுதிவிட்டார்கள். அதனால் அடுக்கின் நடுவிலும் ஒன்றைச் செருகலாம், நடுவிலிருந்தும் உருவலாம். இது தப்பு என்று பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இன்றுவரை அது ஜாவாவில் அப்படியேதான் இருக்கிறது. ஏன்? உலகம் பூராவும் எத்தனையோ நிரல்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டன. லைப்ரரியில் வெளியே கொடுத்துவிட்ட ஒன்றைத் திரும்ப வாங்க முடியாது நண்பர்களே, சொல்லிவிட்ட சொல் மாதிரி!

1998-ல் வந்த ஜாவா 1.2-ல் கலெக்ஷன்ஸ் முழுவதையும் புதிதாக வடிவமைத்துக் கொடுத்தவர் ஜோஷுவா பிளாக். "லிஸ்ட் என்றால் என்னென்ன செய்ய முடியும்" என்ற வாக்குறுதி ஒரு பக்கம், அதை உள்ளே எப்படிச் செய்வது என்பது இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். பயன்படுத்துபவர் வாக்குறுதியை மட்டும் நம்பினால் போதும். உள்ளே நாம் எதை மாற்றினாலும் அவர் நிரல் உடையாது. பிளாக் 2001-ல் எழுதிய "எஃபெக்டிவ் ஜாவா" புத்தகத்தில் சொல்லும் இரண்டு அறிவுரைகளை நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் மாறக்கூடிய பொருளை வெளியே கொடுப்பதாக இருந்தால் நகலெடுத்துக் கொடு. கொடுக்க ஒன்றுமில்லை என்றால் "நல்" கொடுக்காதே, காலிப் பட்டியலைக் கொடு.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் குழுவில் இருந்த கிரிஸ்டோஃப் ஸ்வாலினாவும் பிராட் ஆப்ராம்ஸும் 2005-ல் லைப்ரரி வடிவமைப்புக்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டார்கள். அதில் உள்ள ஒரு விதி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. உள் வேலைக்கு லிஸ்ட்டைத் தாராளமாகப் பயன்படுத்து, ஆனால் லைப்ரரியின் வெளி வாசலில் அதை நிறுத்தாதே என்கிறது அது. படிக்க மட்டும் முடிகிற பட்டியலுக்குத் தனி வகையே வைத்திருக்கிறார்கள். உள்ளே வாங்கும்போது குறைந்தபட்சம் என்ன தேவையோ அதை மட்டும் கேள் என்பதும் அவர்கள் விதிதான்.

நம் பைத்தானும் மாறியிருக்கிறது. பைத்தான் 2-ல் டிக்ஷனரியின் சாவிகளைக் கேட்டால் ஒரு லிஸ்ட்டை நகலெடுத்துக் கொடுத்தது. டிக்ஷனரி பெரிசாக இருந்தால் நகலும் பெரிசு. 2008-ல் வந்த பைத்தான் 3-ல் அதை "வியூ" ஆக்கிவிட்டார்கள். நகல் இல்லை, ஜன்னல். டிக்ஷனரி மாறினால் ஜன்னலிலும் மாற்றம் தெரியும், ஆனால் அதில் முதல் சாவி, இரண்டாம் சாவி என்று எண் போட்டு எடுக்க முடியாது. இதுபோன்ற மாற்றங்களால் பழைய நிரல்கள் பல ஓடாமல் போயின. பைத்தான் 2-க்கு முழுக்குப் போட 2020 ஆகிவிட்டது. ஒரு முடிவை மாற்ற எத்தனை வருடம் பாருங்கள்!

நம் தமிழுக்கும் இதுதான் கதை

2010 ஜூன் மாதம் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனுடன் சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அப்போது எனக்கு விவரம் தெரியாத வயசு. கணினியில் தமிழை எப்படி வைப்பது என்று அறிஞர்கள் கூடிப் பேசியது நம் ஊரில்தான் என்பதைச் சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

பைத்தானிடம் "கோவை" என்ற சொல்லின் நீளம் கேட்டுப் பாருங்கள். நமக்கு இரண்டு எழுத்து. அது நான்கு என்று சொல்லும்! க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி என்று யூனிகோடில் நான்கு குறியீடுகள். "கோயம்புத்தூர்" நமக்கு ஏழு எழுத்து, பைத்தானுக்குப் பதின்மூன்று. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடத் தனியாக எண்ணிக்கொள்ளும்.

இதைச் சரி செய்யத்தான் "ஓப்பன் தமிழ்" என்ற கட்டற்ற பைத்தான் லைப்ரரி இருக்கிறது. "எழில்" என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பல தன்னார்வலர்களும் சேர்ந்து உருவாக்கியது. அதில் "கெட் லெட்டர்ஸ்" என்ற ஃபங்ஷனிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால், எழுத்து எழுத்தாகப் பிரித்து ஒரு லிஸ்ட் கொடுக்கும். கோவைக்குக் கோ, வை என்று இரண்டு. இதே வேலையை ஒவ்வொரு எழுத்தாகக் கொடுக்கும் குழாய் வகை ஃபங்ஷனும் தனியாக வைத்திருக்கிறார்கள். சின்னச் சொல்லுக்கு லிஸ்ட் வசதி. நீளம் கேட்கலாம், கடைசி எழுத்தை எடுக்கலாம். பெரிய புத்தகத்துக்குக் குழாய் வசதி. பயன்படுத்துபவர் எதற்காகக் கேட்கிறார் என்று யோசித்து இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

எழுத்துகளின் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இதில் யாராவது ஒன்றைச் சேர்க்கப் போகிறார்களா, நீக்கப் போகிறார்களா? நான் எழுதினால் டூப்பிளில்தான் வைப்பேன். வகையைப் பார்த்த மாத்திரத்தில் "இதை மாற்றாதே" என்று வாசிப்பவருக்குப் புரிந்துவிடும். பத்து வரி விளக்கம் எழுத வேண்டியதில்லை.

அகர வரிசை விஷயமும் உண்டு. யூனிகோட் எண்களின்படி வரிசைப்படுத்தினால் ந-வுக்கு அடுத்து ன வரும். ல, ள, ழ முடிந்துதான் வ வரும். நம் வாத்தியார் சொல்லிக் கொடுத்த வரிசை அதுவல்லவே! ஆகவே நண்பன் போட்ட சார்ட் என் கணக்கையும் கெடுத்தது, முதலாளி கேட்ட அகர வரிசையையும் சரியாகக் கொடுக்கவில்லை. ஒரு வரியில் இரண்டு தப்பு!

மறுபடியும் எழுதினேன்

மூன்று தடவை திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு அடி வாங்கினேன்.

முதல் தடவை, பெயர், எண், ஷிப்ட், கூலி நான்கையும் பெயரிட்ட ஒரே டூப்பிளாகக் கட்டினேன். இனிமேல் யார் எப்படி வரிசைப்படுத்தினாலும் ஆளோடு கணக்கும் சேர்ந்தே நகரும். அத்தனையையும் ஜெனரேட்டராகக் கொடுத்தேன், புதிதாகப் படித்த ஆசையில்! நண்பன் நிரல் ஒரு சுற்றில் சீட்டு அடித்தது. மறு சுற்றில் மொத்தம் கூட்டியது. மொத்தம்: பூஜ்யம். குழாய் வற்றிவிட்டது. 14 பேருக்கு எதற்குக் குழாய்? ஒரு குடம் போதும். டூப்பிளாக மாற்றினேன்.

இரண்டாவது அடி, பொங்கல் வாரத்தில். குடோன் விடுமுறை. ஆள் யாரும் இல்லாததால் என் ஃபங்ஷன் "நன்" கொடுத்தது. நண்பன் நிரல் பாதியில் செத்துப்போனது. காலி டூப்பிள் கொடுத்திருந்தால் ஒரு சீட்டும் அடிக்காமல், மொத்தம் பூஜ்யம் என்று ஒழுங்காக முடிந்திருக்கும். பிளாக் சொன்னதை நோட்டில் எழுதினால் மட்டும் போதாது என்று அன்றைக்குப் புரிந்தது.

மூன்றாவது அடிதான் வேடிக்கை. குறைந்தபட்சம் கேள் என்ற விதிப்படி, பெயர்களை லிஸ்ட்டாகவும் தரலாம், டூப்பிளாகவும் தரலாம், செட்டாகவும் தரலாம், ஒவ்வொன்றாக எடுக்க முடிந்தால் சரி என்று வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் ஷிப்டுக்கு ஒரே ஒருவர் வந்தார். நண்பன் அவர் பெயரை மட்டும் அப்படியே கொடுத்தான். பைத்தானில் ஒரு சொல்லையும் ஒவ்வொன்றாக எடுக்கலாம் அல்லவா? ஆள் ஒருவர், சீட்டு ஒன்பது! ஒரு சீட்டில் வெறும் புள்ளி மட்டும் இருந்தது. அந்தப் புள்ளிக்கும் ஒரு ஷிப்ட் சம்பளம் போட்டிருந்தது என் லைப்ரரி. நல்லவேளை, முதலாளியிடம் போவதற்கு முன் நானே பார்த்துவிட்டேன். இப்போது தனிச் சொல்லாக வந்தால் "பட்டியலாகக் கொடு" என்று தெளிவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறது. தாராளமாக வாங்குவது நல்லதுதான். ஆனால் வாசலில் யார் நிற்கிறார் என்று பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

இப்போது என் லைப்ரரிக்குள் ஆள் எண்ணைச் சாவியாகக் கொண்ட டிக்ஷனரி இருக்கிறது. வெளியே போவது டூப்பிள் மட்டும். நாளைக்கே டிக்ஷனரியை எடுத்துவிட்டு டேட்டாபேஸ் வைத்தாலும் நண்பன் நிரலில் ஒரு எழுத்தும் மாற வேண்டியதில்லை.

முடிவாக...

லைப்ரரி எழுதும் முன் இப்போதெல்லாம் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். வரிசை முக்கியமா? ஒன்றே இரண்டு தடவை வரலாமா? வாங்குபவர் இதை மாற்றலாமா? அவர் ஒரு தடவை பார்ப்பாரா, பல தடவை பார்ப்பாரா? நான்குக்கும் பதில் எழுதினால் எந்தப் பாத்திரம் என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. பிராஜெக்ட் செய்யப் போகும் ஜூனியர் தம்பி தங்கைகள் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்.

திருத்திய நிரலை ஓட்டிய முதல் சனிக்கிழமை, குடோனுக்கு நானே போனேன். அந்த அக்காவின் சீட்டை அவர் முன்னால் வாசித்துக் காட்டிவிட்டு, "அன்னைக்கு மிசின் தப்புப் பண்ணலீங்க அக்கா. எங்கம்மாவும் தப்புப் பண்ணலீங்க. எழுதுன நாந்தானுங்க தப்பு" என்றேன். அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "படிக்கற பையன்... போச்சாது போ சாமி" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் பக்கத்து ராட்டையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சீட்டை நீட்டினார். "கண்ணு, எத்தன?"

"அஞ்சும்மா."

அம்மா சுவரைப் பார்த்து எண்ணினார். ஐந்து கோடுகள். கரித்துண்டை எடுத்துக் கீழே குறுக்காக ஒரு கோடு இழுத்தார். என் நிரல் சரியாக ஓடத் தொடங்கி மாதங்கள் பல ஆகிவிட்டன. ஆனாலும் அம்மா சுவரில் கோடு போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

- இறுதியாண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை